பெல்சியாவின் பதினேழு வரிகள்

மூன்றாவது சொட்டும் விட்டாயிற்று. "கண்ண மூடி உக்காருங்க சார், கூப்பிடுத வரைக்கும் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த ஆளின் இமையை விரிக்கப் போய்விட்டாள். எரிச்சல் கொஞ்ச நேரம்தான், பிறகு மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும், அந்தக் கசப்புதான் லேசில் போகாது. பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரி, முதல் மாடி, சனிக்கிழமை காலை பத்தரை மணி, முப்பது நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம், புதிதாக யாராவது படியேறி வந்து பார்த்தால் கூட்டுப் பிரார்த்தனை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கண்பாவை விரிய இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். விரிந்த பிறகும் சாயங்காலம் வரைக்கும் கிட்டத்தில் இருக்கிற எழுத்து எதுவும் தெரியாது, அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் வரக்கூடாது என்பது இங்கே சட்டம். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத எனக்கு நாற்பத்து நான்கு வயதிலும் துணை என்றால் செண்பகா அக்காதான். ஜில்லா கோர்ட்டில் இருபத்தாறு வருடமாக டைப்பிஸ்ட். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை வாசிக்கிறாள், பக்கம் புரள்கிற சத்தம் கேட்கிறது. என் சட்டைப்பையில் போன் உதறுகிறது. எடுத்தாலும் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாது என்பதில் ஒரு நிம்மதி, அந்த நிம்மதிக்கு உள்ளேயே ஒரு பதைப்பு, எவன் எழுதியிருப்பான், என்ன எழுதியிருப்பான், நேற்று வந்தவனா புதியவனா, மறுபடியும் உதறுகிறது, ஐந்து, ஆறு, எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுகிறேன்.

நான் கொலை எதுவும் செய்துவிடவில்லை. எண்சொல்லி என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். எழுத்தில் எண் இருந்தால் அதைத் தமிழ் வாய்ச்சொல்லாக மாற்றிக் கொடுக்கும். 1947 என்று இருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு என்று சொல்லும். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். ஆனால் தமிழை வாய்விட்டு வாசிக்கிற ஆப் எதை எடுத்தாலும், கண் தெரியாதவர்கள் பேப்பர் கேட்கிற ஆப்பாகட்டும், பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் சொல்கிற பெட்டியாகட்டும், அதன் வயிற்றுக்குள் எங்கேயாவது என் எண்சொல்லி உட்கார்ந்திருக்கும். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், சரியில்லை என்றால் திருத்தி எனக்கு அனுப்பலாம், நான் பார்த்து நன்றாக இருந்தால் சேர்ப்பேன். சேர்த்தால் அந்த வரியில் அதை எழுதியவர் பெயர் நிற்கும். பத்து வருடம் கழித்து எவன் வந்து எந்த வரியைத் தட்டினாலும் இது இன்னார் எழுதியது என்று காட்டும். எங்கள் உலகத்தில் கூலி என்று ஒன்று உண்டென்றால் அதுதான், வரிக்கு வரி பெயர். என் பெயர் கோமதிநாயகம், ஆனால் அங்கே எனக்கு வெட்டுக்கிளி என்று பெயர், முகத்துக்குப் பதில் ஒரு பச்சை வெட்டுக்கிளிப் படம், பதினோரு வருடத்துக்கு முன்னால் விளையாட்டாக வைத்தது. போன வாரம் வியாழக்கிழமை புதிய பதிப்பு விட்டேன். அதுவரைக்கும் 10.5 என்று இருந்தால் பத்துப் புள்ளி ஐந்து என்று சொல்லும், பத்தரை என்று சொல்ல வேண்டும் என்று ஒரு கூட்டம் இரண்டு வருடமாகக் கழுத்தைப் பிடித்தது, சரி என்று மாற்றினேன். மாற்றிய மறுநாள் இன்னொரு கூட்டம் கிளம்பிவிட்டது, எவனைக் கேட்டு மாற்றினாய் என்று. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம். குப்பை என்று ஒருவன். இதை எழுதியவனுக்குத் தமிழ் தெரியுமா என்று ஒருவன். திங்கட்கிழமைக்குள் சரிசெய், எங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று ஏதோ ஒரு கம்பெனிக்காரன், நான் அவன் வீட்டு வேலைக்காரன் மாதிரி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தானாம் என்பார்கள், இவர்கள் பல்லைப் பார்த்ததோடு நிற்கவில்லை, கொம்புக்கு ஏன் பெயின்ட் அடிக்கவில்லை என்று என் வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறார்கள். ஏழு. எட்டு. அக்கா செருமுகிறாள்.

வீட்டுக்குப் போய்க் கண் தெளிந்ததும் மூடிவிடுவேன். முடிவு செய்தாகிவிட்டது. கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும், இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அதற்குப் பிறகு யாரும் அங்கே ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது, திட்டவும் முடியாது, திருத்தவும் முடியாது. அறிவிப்புகூட எழுதி வைத்துவிட்டேன், நான்கே வரி, இத்தனை வருடம் பயன்படுத்தியதற்கு நன்றி என்று முடிகிறது, நன்றி அவர்கள் சொல்ல வேண்டியது, அதையும் நானே சொல்லிக்கொண்டேன். முந்தாநாளே போட்டிருக்கலாம். நேற்றும் போட்டிருக்கலாம். எது தடுக்கிறது என்று தெரியாத மாதிரி எனக்கு நானே நடித்துக்கொண்டிருக்கிறேன். தெரியும். பெல்சியா. வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம், கண்ணைப் பற்றி நினைப்போம், கண்ணுக்காகத்தானே வந்திருக்கிறோம். கண்ணில் அழுத்தம் கூடினால் ஓரத்திலிருந்து பார்வை போகும், வலிக்காது, தெரியாது, ஒருநாள் கதவு நிலையில் தோள் இடிக்கும்போதுதான் தெரியும். அப்பாவுக்கு அப்படித்தான் போனது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார்கள், அதனால் வருடத்துக்கு ஒரு தடவை இந்தக் கசப்பு. அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருடம் அக்காதான் பேப்பர் வாசித்தாள். கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம், தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், ஏற்றம் இறக்கம் இல்லாத குரலில், கோர்ட்டில் வாசிக்கிற மாதிரியே. அரசியல் பேச்சும் ஒரே குரல், கொலையும் ஒரே குரல், தங்கம் விலையும் ஒரே குரல். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து எண்சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்காக எழுதினேன், அப்பா மாதிரி ஆட்களுக்காகத்தான். அப்பாவுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேனா? இல்லை. இன்னும் முடியவில்லை, இன்னும் இரண்டு தப்பு இருக்கிறது, ஒன்று என்று எண் போட்டு முதல் முழுப் பதிப்பு விட்ட பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தேன். புள்ளி ஒன்பதில் இருக்கும்போது அப்பா போய்விட்டார். எங்களை மாதிரி ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம் இது, வேறு எவனும் பெற்ற தகப்பனுக்குப் பதிப்பு எண் பார்க்கமாட்டான். கண்ணோரம் ஈரம் வழிகிறது. மருந்துதான், துடைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெல்சியா மார்த்தாண்டத்துக்காரி. அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், வயது தெரியாது, முகம் தெரியாது, குரல் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் திருத்தம் அனுப்பினாள், வணக்கம் அண்ணாச்சி என்று ஆரம்பித்து. அண்ணாச்சி! அந்த இடத்தில் அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஏய் என்று கூப்பிடாத குறை. திருத்தம் சின்னது, ஆனால் சுத்தம். எது தப்பு, எதனால் தப்பு, எப்படிச் சோதித்தேன் என்று மூன்று வரியில் தமிழில் எழுதியிருந்தாள், அதற்குக் கீழே சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி: இங்கே மழை, கரண்டு போவதற்குள் அனுப்பிவிடுகிறேன். அதிலிருந்து பதினோரு மாதம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு திருத்தம், அதன் அடியில் ஒரு வரி. இன்று வெயில் கொளுத்துகிறது. பக்கத்துத் தோட்டத்தில் அயினிப் பழம் விழுகிற சத்தம். மூன்று நாளாக மழை விடவில்லை, துணி காயவில்லை. நான் பதிலுக்கு இங்கே தாமிரபரணியில் தண்ணீர் இல்லை என்றோ, காற்று ஆரம்பித்துவிட்டது என்றோ எழுதுவேன். எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்ப்பேன், அதிகமாக ஏதாவது தொனிக்கிறதா என்று. காதல் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். காதல் இல்லை. என்ன என்று கேட்டால் சொல்லவும் தெரியாது. ஒரு வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்வது என்று ஒன்று இருக்கிறதே, நான் ஒரு மூலையை மடித்தால் மறுமூலையை ஒருத்தர் பிடித்துக்கொள்வது, அது எனக்கு அதுவரைக்கும் கிடைத்ததே இல்லை. கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன், பிரிண்டர் ஓடவில்லை என்றால் மட்டும்தான் என் நினைப்பு எல்லோருக்கும் வரும். சனிக்கிழமையே மனசு ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராகிவிடும். இன்றைக்குக்கூட சனிக்கிழமைதான். அவள் போய் இரண்டு வருடமாகப் போகிறது, இன்னமும் காலையில் போனை எடுத்தால் முதலில் திருநெல்வேலியில் மழை உண்டா என்று பார்ப்பதில்லை, மார்த்தாண்டத்தில் உண்டா என்று பார்க்கிறேன். இன்றைக்கு அங்கே மேகமூட்டம். காலையில் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய?

போய்விட்டாள் என்றா சொன்னேன்? அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். போகவில்லை, துரத்தினேன். அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து என்னை முப்பது பேர் வைதிருந்தார்கள், ஒருவன் என் அம்மாவை இழுத்திருந்தான், அதற்கு நாலு பேர் கைதட்டல் வேறு. மத்தியானம் லேபில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெல்சியாவின் திருத்தம் வந்தது. வணக்கம் அண்ணாச்சி. எங்கள் அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது, போனில் பேப்பர் கேட்கிறார், இரங்கல் விளம்பரத்தில் வருகிற போன் நம்பரை எழுதிக்கொண்டு துக்கம் விசாரிக்க நினைக்கிறார், ஆனால் எண்சொல்லி நம்பரைத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடியே இருபத்தோரு லட்சத்து என்று சொல்லிக்கொண்டே போகிறது, அப்பா பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பத்து இலக்கம் இருந்து, முன்னால் தொடர்புக்கு என்றோ செல் என்றோ இருந்தால், கோடி லட்சம் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல வைக்கலாம், பதினேழு வரி அனுப்பியிருக்கிறேன். இவ்வளவுதான். சிரித்திருக்க வேண்டும். யார் வைதாலும் திருப்பி வையத் தைரியம் இல்லாத நான், முப்பது பேர் மேல் இருந்த கோபத்தை அன்றைக்கு மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் மேல் கொட்டினேன். என்ன எழுதினேன் என்பது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது, அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு காலை இழுத்துக்கொண்டு நிற்கும், சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகும். நீங்கள் என்று எழுதியவளை நீ என்று எழுதினேன். இங்கிலீஷில் வைகிறவனுக்கு இந்த வசதி கிடையாது. எழுதிவிட்டுப் பக்கத்தைப் பூட்டினேன், அவள் பதில் சொல்ல முடியாதபடி. பொறுப்பாளனுக்கு அந்தச் சாவி உண்டு. அதோடு விட்டேனா? ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய இடத்திலிருந்து அதே கோடி லட்சப் புகார் வந்தது, உடனே வேண்டும் என்று. அந்தப் பக்கத்தின் பூட்டை எடுக்காமலே அவளுடைய பதினேழு வரியையும் பார்த்துப் பார்த்து என் கையால் அடித்தேன், என் பெயரில் சேர்த்தேன். பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார், மேதை, என்று எவனோ எழுதினான். பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதுவும் அவளுடையது. அவள் பெயரைப் போட்டிருக்கலாம், போட்டால் யார் இந்தப் பெல்சியா என்று பழைய பக்கத்தைத் தேடிப் போவார்கள், நான் எழுதியதை வாசிப்பார்கள். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு அந்தப் பட்டனை அமுக்கினால் அந்தப் பதினேழு வரியும் காலத்துக்கும் என் பெயரிலேயே உறைந்துவிடும், அவள் திரும்பி வர ஆசைப்பட்டாலும் வர வழி இருக்காது. ஆசைப்படுவாளா? எதற்கு ஆசைப்பட வேண்டும்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பார்க்கிறேன், பூட்டின வீட்டுக்கு விருந்தாளி வருவாரா என்று உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற பைத்தியக்காரன்.

"ஏல நாயகம், அது என்னல சட்டைக்குள்ள, தேள் கடிச்ச மாதிரி துடிச்சிட்டே கெடக்கு? யாரும் அவசரமா கூப்பிடுதாங்களோ என்னமோ. எடு." அக்காதான். கூப்பிடவில்லை அக்கா, மெசேஜ்தான், சும்மா விடு என்றேன். அதற்குள் கையை விட்டு எடுத்துவிட்டாள். அக்காவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், கோர்ட்டில் தமிழில் சொல்வதை இங்கிலீஷிலும் இங்கிலீஷில் இருப்பதைத் தமிழிலும் மாற்றி மாற்றிப் பழக்கம். கண்ணாடியை மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், அப்பாவுக்குப் பேப்பர் வாசித்த குரல், ஏறாமல் இறங்காமல் ஆரம்பித்தது. "இதை எழுதினவன் ஒரு முட்டாள். இரண்டாவது. இந்தக் குப்பையை நம்பி நாங்கள் ஏமாந்தோம். மூன்றாவது. உனக்குச் செய்ய முடியவில்லை என்றால் செய்யத் தெரிந்தவனிடம் கொடுத்துவிட்டு ஓடு. நாலாவது..." போதும் அக்கா என்றேன். எதிரே யாரோ இருமினார்கள், கண்ணை மூடியிருந்த வரிசை முழுக்கக் காதாக இருப்பது எனக்குத் தெரிந்தது. அக்கா குரலைத் தணித்தாள். "யாருல இவனுவ? ஒனக்கு மேலதிகாரியா?" இல்லை. "ஏதும் வாக்குக் குடுத்து ஏமாத்துனியா?" இல்லை. சும்மா செய்து கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள். "சும்மா செஞ்சு குடுத்தவனயா இப்பிடிப் பேசுதானுவ? இதையா நீ இத்தன வருசமா ஒக்காந்து செஞ்சிட்டிருக்கே? அப்பா கேக்கும்போதெல்லாம் தம்பி பெரிய வேலையா இருக்காம்ப்பான்னு நான்லாடே சொல்லிட்டிருந்தேன்." அக்கா பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இதுல நல்லதா நாலு வார்த்த சொன்ன ஆளே கெடையாதா? ஒருத்தர்கூடவா?"

இருக்கிறார், ஒருத்தர் இருந்தார் என்றேன். வாய் தன்னால் சொல்லிவிட்டது. பெல்சியா என்று பெயர், மேலே தேடுகிற இடத்தில் அடித்துப் பார், வரும். எதற்குச் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரியும், அவள் எழுதியதை ஒரு மனுஷக் குரலில் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வருடமாகக் கண்ணால்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா தட்டினாள். "நெறைய வருதுடே." எதையாவது வாசி. "வணக்கம் அண்ணாச்சி. ஆயிரத்துக்கு மேல் போகும்போது ஒரு இடத்தில் தடுக்கியது, சரிசெய்திருக்கிறேன், உங்கள் பழைய சோதனைகள் எல்லாம் ஓடுகின்றன. இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை, துணி காயவில்லை." அக்கா லேசாகச் சிரித்தாள். "நல்ல பிள்ளையா இருக்காளே, மழைய எல்லாம் சொல்லுதா." இன்னொன்று வாசித்தாள், அது வெயில். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, போதும், இதோடு நிறுத்தச் சொல்ல வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. "இது கடைசி போல. எங்கள் அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது, போனில் பேப்பர் கேட்கிறார்." அக்காவின் குரல் ஒரு கணம் தயங்கி மறுபடி அதே சீருக்கு வந்தது, கோடி, லட்சம், பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், பதினேழு வரி, எல்லாம் வாசித்தாள், நிறுத்தவில்லை, கீழே இருந்ததற்கும் அப்படியே இறங்கிவிட்டாள். "யூகத்தில் எழுதுகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை. உன் அப்பாவுக்கு நம்பர் வேண்டுமென்றால் நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. உன் வீட்டு ஒப்பாரியை எல்லாம் என் புரோகிராமில் கொண்டுவந்து கொட்டாதே. என் நேரத்தைத் தின்றது போதும்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நர்ஸ் பெண் யாரையோ கூப்பிட்டாள், என்னை இல்லை. "சவத்து மூதி" என்றாள் அக்கா, மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. "இவன்தான்டே இருக்கதுலயே கேடுகெட்டவன். மத்தவனுவ ஒன்னய வைதானுவ, ஏதோ வயித்தெரிச்சல். இவன் கண்ணு தெரியாத மனுசனப் போயி வைதிருக்கான். இவன் வீட்டுல வயசான ஆளே இருந்திருக்காது. எவனுக்கும் உக்காந்து பேப்பர் வாசிச்சிருக்க மாட்டான். ஏதோ பச்சப் பூச்சிப் படம் போட்டிருக்கான், மூஞ்சியக் காட்ட பயம் பாரு. வெட்டுக்கிளியாம். யாருல இது? ஒனக்குத் தெரிஞ்சவனா?"

தெரிந்தவன்தான் என்று சொல்லி நிறுத்திவிடலாம். எவனோ சென்னைக்காரன் என்று சொல்லலாம், அக்கா நம்புவாள், எப்போதும் நம்பினவள்தான். கண்ணை மூடியிருப்பதால் அவள் முகம் தெரியவில்லை, தெரிந்திருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். "நாந்தான்க்கா" என்றேன். "என்னது நாந்தான்?" "அந்த வெட்டுக்கிளி. நாந்தான் எழுதுனேன்." நாற்காலி கிறீச்சிட்டது, திரும்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. வைவாள் என்று காத்திருந்தேன், வைதால் நன்றாக இருக்கும், அக்கா வையவில்லை. "அதுக்கு அந்தப் பிள்ள என்ன சொன்னா?" என்று கேட்டாள். சொல்லவில்லை, சொல்ல விடவில்லை, பூட்டிவிட்டேன் என்றேன். "தொற." கண் தெரியலையே அக்கா, வீட்டுக்குப் போய் என்று ஆரம்பித்தேன். "எனக்குத் தெரியுதுல்லா? எங்கன அமுக்கணும், அத மட்டும் சொல்லு." சொன்னேன். வலது பக்கம் கீழே போ, பூட்டு மாதிரி ஒரு படம் இருக்கும், அதைத் தொட்டால் நிச்சயமா என்று கேட்கும். "கேக்கு. ஆமான்னு குடுத்துட்டேன். இப்ப எழுதுத மாதிரி ஒரு கட்டம் வந்திருக்கு. என்ன அடிக்கணும், சொல்லு." இரண்டு வருடமாக மனசுக்குள் எழுதி எழுதி அழித்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. மூடுகிற அறிவிப்பை நான்கு வரியில் அழகாக எழுதத் தெரிந்தவனுக்கு இதற்கு முதல் சொல் கிடைக்கவில்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை, சாட்சிக் கூண்டில் எத்தனையோ பேர் இப்படி நின்றதைப் பார்த்தவள். பெல்சியாவுக்கு, என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு உங்களையும் உங்கள் அப்பாவையும் பற்றி நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் அனுப்பிய பதினேழு வரியும் சரியானவை. அவற்றைப் பின்னால் நான் எடுத்து என் பெயரில் சேர்த்துக்கொண்டேன். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"எடுத்துன்னா? அவகிட்ட கேட்டு எடுத்தியா?" கேட்கவில்லை. "அவளுக்குத் தெரியுமா?" தெரிந்திருக்கும், வரியைத் தட்டிப் பார்த்தால் என் பெயர்தான் வரும். "அப்ப எடுத்துன்னு அடிக்கட்டா, திருடின்னு அடிக்கட்டா? சாட்சி என்ன சொல்லுதோ அதத்தான் நான் அடிக்க முடியும், நானா ஒரு வார்த்த போடக்கூடாது." பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "திருடின்னே அடி" என்றேன். அடித்தாள். அவை அடுத்த பதிப்பில் உங்கள் பெயருக்கு மாறும், ஒவ்வொரு வரியும். நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் எழுதினால் நான் இங்கே இருப்பேன். அதைச் சொல்லி முடித்தபோதுதான் இனிமேல் என்னால் மூட முடியாது என்பது எனக்கே உறைத்தது. எவன் எப்படி வைதாலும் இருக்க வேண்டியதுதான், அவள் எழுதாமலே போனாலும். "இவ்வளவுதானா?" இவ்வளவுதான். அனுப்பிவிடு அக்கா. "அவசரப்படாத. சாட்சி சொன்னத டைப் அடிச்சு முடிச்சா, அவங்களுக்கே ஒரு தடவ வாசிச்சுக் காட்டணும். ஆமா, நான் சொன்னது இதுதான்னு ஒத்துக்கிட்ட பெறகுதான் மேற்கொண்டு எதுவும்." நர்ஸ் பெண்ணின் குரல் இந்தப் பக்கம் வந்தது, கோமதிநாயகம் யாரு, உள்ள வாங்க என்றாள். "ஒரு நிமிசம் இரும்மா" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏறாமல் இறங்காமல், நான் சொன்னதை முதலிலிருந்து வாசித்தாள். பெல்சியாவுக்கு. திருடி என்ற இடத்திலும் அந்தக் குரல் மாறவில்லை. வாசித்து முடித்துவிட்டு, சரிதானா என்று கேட்டாள்.

சரிதான் என்றேன்.